அலுவலக ஆங்கிலம்: தமிழ்வழியில் படித்தவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

தரமணியிலோ சிறுசேரியிலோ ஒரகடத்திலோ முதல் வேலையில் சேரும் தமிழ்வழி மாணவர்கள் பலர், வேலையைச் சரியாகச் செய்துவிட்டு அதைச் சொல்ல முடியாமல் நிற்கிறார்கள். நிரல் எழுதத் தெரியும், கணக்கை முடிக்கத் தெரியும், இயந்திரத்தில் பழுது எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரியும். கூட்டத்தில் மேலாளர் ஆங்கிலத்தில் நிலவரம் கேட்டதும் வாய் அடைத்துக்கொள்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் பாதி வேலையைத்தான் முடித்திருப்பார். அதை நான்கு வாக்கியத்தில் அழகாகச் சொல்லிவிடுவார். ஆண்டிறுதி மதிப்பீட்டில் யாருக்கு எது கிடைக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்த அநியாயம் எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு சிறு குறிப்பு. ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் குறிப்பேட்டில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். 'கோட்' என்று தமிழில் எழுதினால் அது நிரலா, மேல்சட்டையா, வெள்ளாடா என்று தெரியாது.

முதலில் எல்லையைக் குறுக்குங்கள்

"எனக்கு ஆங்கிலம் வராது" என்று சொல்பவரின் மனத்தில் இருப்பது மொத்த ஆங்கிலமும்: செய்தித்தாள், நாவல், மேடைப்பேச்சு, வெளிநாட்டுப் படம் எல்லாம். ஆனால் ஓர் அலுவலகத்தில் நாள்தோறும் நடக்கும் பேச்சுக் காரியங்கள் மிகக் குறைவு. நிலவரம் சொல்வது, ஒன்றைக் கேட்டு வாங்குவது, தாமதத்தை முன்கூட்டியே அறிவிப்பது, புரியாததை மறுபடி கேட்பது, முடியாததை முடியாது என்று சொல்வது, முடிவானதை எழுதி அனுப்புவது. பெரும்பாலான நாட்களில் இவ்வளவுதான். மாறுபவை பெயர்கள், தேதிகள், எண்கள்.

ஆகவே இலக்கணப் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் மின்னஞ்சல் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் குழுவில் யாருடைய கடிதத்தை ஒருமுறை படித்ததுமே புரிகிறதோ, அவர் எழுதியவற்றைத் தேடி எடுங்கள். மேலே சொன்ன காரியங்களை ஒவ்வொன்றாகத் தலைப்பிட்டு, அவர் வாக்கியங்களை அதனதன் கீழே எழுதிக்கொள்ளுங்கள். பெயரும் தேதியும் வரும் இடத்தைக் காலியாக விடுங்கள். சில வாரங்களில் உங்கள் துறைக்கு, உங்கள் அலுவலகத்துக்கு, உங்கள் வாடிக்கையாளருக்குப் பொருந்தும் பாடநூல் ஒன்று உங்களிடம் இருக்கும். கடையில் கிடைக்கும் எந்தப் புத்தகமும் அந்த அளவுக்குப் பொருந்தாது.

மின்னஞ்சல்: கேட்க வந்ததை முதல் வரியில் கேளுங்கள்

பேச்சுக்கு முன் எழுத்தைப் பிடியுங்கள். எழுதும்போது யோசிக்க நேரம் இருக்கிறது, திருத்த நேரம் இருக்கிறது, யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. எழுதிப் பழகிய வாக்கியம்தான் பிறகு வாயிலும் வரும்.

பள்ளியில் நாம் கற்ற விண்ணப்பக் கடிதத்தில் மரியாதை முதலில் வரும், பின்னணி அடுத்து வரும், கோரிக்கை கடைசியில் வரும். அலுவலக ஆங்கிலத்தில் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். படிப்பவர் கைப்பேசியில், கூட்டங்களுக்கு நடுவே, முதல் இரண்டு வரிகளை மட்டும் பார்க்கிறார். அதற்குள் அவர் செய்ய வேண்டியது தெரிந்துவிட வேண்டும்.

நம் ஊரில் அன்றாடம் பறக்கும் கடிதம் இப்படி இருக்கும்: "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கி, நலம் விசாரித்து, போன வாரம் இன்வாய்ஸ் அனுப்பியதைச் சொல்லி, "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்று முடியும். பெறுபவர் என்ன செய்ய வேண்டும்? கையெழுத்திடவா, பணம் அனுப்பவா, சும்மா தெரிந்துகொள்ளவா? எதற்குள்? ஒன்றும் இல்லை. பிரிட்டிஷ் நிர்வாகக் கடிதங்களில் ஒரு காலத்தில் வழங்கிய தொடர் அது. அங்கே வழக்கொழிந்துவிட்டது, இங்கே தங்கிவிட்டது. பணிவாக ஒலிக்கிறது, ஆனால் தகவல் எதையும் சுமப்பதில்லை.

அதையே இப்படி எழுதலாம். தலைப்பு வரியில்: "அப்ரூவல் நீடட் பை 14 மார்ச்: ஃபிப்ரவரி இன்வாய்ஸ்". முதல் வரியில்: "கேன் யூ அப்ரூவ் த ஃபிப்ரவரி இன்வாய்ஸ் பை 14 மார்ச், ப்ளீஸ்?" இரண்டாவது வரியில் காரணம்: 15ஆம் தேதி பணம் போகாவிட்டால் விற்பனையாளர் அடுத்த சரக்கை அனுப்பமாட்டார். மூன்றாவது வரியில், இன்வாய்ஸ் இந்தக் கடிதத்துடன் இணைக்கப்பட்டிருக்கிறது என்ற தகவல். பிறகு உங்கள் பெயர். முடிந்தது.

'ப்ளீஸ்' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் 'அனுப்புங்கள்' என்றாலே மரியாதை வினைச்சொல்லின் விகுதியில் வந்துவிடுகிறது. ஆங்கில வினைச்சொல்லில் அப்படியொரு விகுதி இல்லை. எனவே "ப்ளீஸ் செண்ட் த ஃபைல்" என்பது நமக்குப் பணிவாகத் தோன்றினாலும், லண்டனில் இருப்பவருக்குக் கட்டளைபோல் ஒலிக்கக்கூடும். அங்கே மரியாதை கேள்வி வடிவில் வருகிறது. "கேன் யூ", "வுட் யூ" என்று தொடங்கிக் கேள்விக்குறியில் முடியுங்கள். அதே சமயம் தேதியை விட்டுவிடாதீர்கள். பணிவு வடிவத்தில் இருக்கட்டும், உறுதி தேதியில் இருக்கட்டும்.

கனமான சொற்களைப் போட்டால்தான் படித்தவர்போல் தெரியும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் எதிர்த்திசையில் போயிருக்கிறார்கள். அரசு அலுவலகங்கள் மக்களுக்குப் புரியும் எளிய ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும் என்று அமெரிக்கா 2010இல் சட்டமே இயற்றியது. எனவே 'யூஸ்' போதுமான இடத்தில் 'யூட்டிலைஸ்' வேண்டாம். 'ஸ்டார்ட்' போதுமான இடத்தில் 'கமென்ஸ்' வேண்டாம். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி.

விளிப்பது எப்படி? பன்னாட்டு நிறுவனங்களில் இயக்குநரைக்கூடப் பெயர் சொல்லியே அழைப்பார்கள். 'ஹாய்' என்று எழுதிப் பெயரைச் சேர்த்தால் போதும். வங்கியிலும் அரசுத் துறையிலும் பழைய தொழிற்சாலைகளிலும் 'சார்', 'மேடம்' இயல்பானவை. முதல் வாரம் மற்றவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்படியே செய்யுங்கள்.

தமிழ் மனம் தடுக்கி விழும் இரண்டு இடங்கள்

இதை எந்த ஆங்கில வகுப்பிலும் போதுமான அளவுக்குச் சொல்லித்தருவதில்லை என்பது என் குறை. ஆங்கிலேயருக்காக எழுதிய பாடத்தில் இது இருக்காது. தமிழருக்குத்தான் இது வேண்டும்.

முதலாவது, ஆம்-இல்லை. "மின்னஞ்சல் வரவில்லையா?" என்று தமிழில் கேட்டால், வராதபோது "ஆமாம், வரவில்லை" என்கிறோம். கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு அந்த 'ஆமாம்'. ஆங்கிலத்தில் அதே சூழலில் 'நோ' என்றுதான் வர வேண்டும். ஏனென்றால் அங்கே 'நோ' என்பது மின்னஞ்சல் வரவில்லை என்ற உண்மையோடு சேர்கிறது, கேட்டவரின் ஊகத்தோடு சேர்வதில்லை. "யூ டிட் நாட் கெட் மை மெயில்?" என்ற கேள்விக்கு நாம் 'யெஸ்' என்று மட்டும் சொல்லிவிட்டால், கிடைத்துவிட்டது என்றுகூட அவர் எடுத்துக்கொள்ளலாம். இப்படி ஒரு நாள் முழுவதும் வீணாகியிருக்கும் வேலைகள் எத்தனையோ. விதியை மனப்பாடம் செய்வதைவிட ஒரு பழக்கம் எளிது: ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாதீர்கள். "ஐ டிட் நாட் கெட் இட்" என்று முழு வாக்கியமாகச் சொன்னால் குழப்பத்துக்கு இடமே இல்லை. தலையை ஆட்டிப் பதில் சொல்வதையும் காணொளிக் கூட்டங்களில் தவிர்த்துவிடுங்கள். நம் தலையசைப்பு வெளிநாட்டவருக்கு இரண்டு பக்கமும் பொருள்படுகிறது.

இரண்டாவது, நாம்-நாங்கள். கேட்பவரையும் சேர்த்துச் சொல்ல 'நாம்', அவரை விலக்கிச் சொல்ல 'நாங்கள்' என்று தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'வீ'தான். "வீ நீட் டு டெஸ்ட் திஸ்" என்று வாடிக்கையாளருக்கு எழுதினால், சோதிக்கப்போவது உங்கள் குழுவா, அவர் குழுவா, இருவரும் சேர்ந்தா? நாம் மனத்தில் 'நாங்கள்' என்று நினைத்து எழுதுகிறோம். அவர் 'நாம்' என்று படித்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருக்கிறார். பொறுப்பு யாருடையது என்று வரும் எந்த வாக்கியத்திலும் 'வீ'யை எடுத்துவிட்டுக் குழுவின் பெயரையோ ஆளின் பெயரையோ போடுங்கள். "த சென்னை டீம் வில் டெஸ்ட் திஸ்" என்றால் கேள்வியே எழாது.

எல்லை தாண்டாத சொற்கள்

இந்திய ஆங்கிலம் தவறான ஆங்கிலம் என்று நான் நினைக்கவில்லை. 'ப்ரீபோன்' (குறித்த நேரத்துக்கு முன்னதாகவே நடத்த மாற்றுவது) என்பது நாம் உருவாக்கிய அருமையான சொல், அகராதிகளிலும் ஏறிவிட்டது. மும்பைக் கிளைக்கோ டெல்லித் தலைமையகத்துக்கோ எழுதும்போது தாராளமாகப் பயன்படுத்துங்கள். கடல் கடந்து போகும் கடிதத்தில் மட்டும் சில சொற்களை மாற்றியாக வேண்டும், எதிரில் இருப்பவருக்கு வேறு பொருள் தருவதால்.

"ஐ ஹேவ் எ டவுட்" என்றால் நமக்குக் கேள்வி இருக்கிறது என்று பொருள். அவருக்கோ, நீங்கள் அவர் சொல்வதை நம்பவில்லை என்று கேட்கும். 'க்வெஸ்டியன்' என்று மாற்றுங்கள். "ஐ வில் ரிவர்ட்" என்று நாம் பதில் தருவதைச் சொல்கிறோம். மென்பொருள் துறையில் அது செய்த மாற்றத்தை ரத்துசெய்து பழைய நிலைக்குக் கொண்டுபோவதைக் குறிக்கும். அந்தத் துறையில் இருந்தால் இந்தச் சொல்லில் மிகுந்த கவனம் வேண்டும், 'ரிப்ளை' பாதுகாப்பானது. கல்லூரி முடித்ததைச் சொல்ல 'பாஸ்ட் அவுட்' என்றால் மயங்கி விழுந்ததாகப் புரிந்துகொள்வார்கள். 'கிராஜுவேட்டட்' என்று சொல்லுங்கள். 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்பது வெளிநாட்டில் பலருக்குப் புரியாது, 'ட்ராவலிங்' போதும்.

அவர்களுக்குள்ளும் இந்தச் சிக்கல் உண்டு. ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் தள்ளிவைப்பது. ஆகவே உங்களுக்கு மட்டும்தான் மொழி தகராறு செய்கிறது என்று நினைத்துக் குன்றிப்போக வேண்டாம்.

எண், தேதி, மணி

இலக்கணப் பிழையை வாடிக்கையாளர் மன்னித்துவிடுவார். தேதிப் பிழை பணத்தில் போய் முடியும். 03/04 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தை எப்போதும் எழுத்தில் எழுதுங்கள். லட்சம், கோடி வெளிநாட்டவருக்குத் தெரியாது: 10 லட்சம் ஒரு மில்லியன், 1 கோடி 10 மில்லியன். காற்புள்ளி வைக்கும் இடமும் மாறும். நாம் 1,00,000 என்று எழுதுவதை அவர்கள் 100,000 என்று எழுதுவார்கள்.

நேரம் குறிப்பிடும்போது, இந்திய நேரத்தைக் குறிக்க 'ஐ.எஸ்.டி.' என்று மட்டும் போடாதீர்கள். அயர்லாந்திலும் கோடைகால நேரத்தை அதே மூன்றெழுத்தால்தான் குறிப்பார்கள். 'இந்தியா டைம்' என்று விரித்து எழுதிவிட்டு, அவர்கள் ஊர் நேரத்தையும் பக்கத்தில் தாருங்கள். மார்ச் மாதத்திலும் அக்டோபர், நவம்பரிலும் கூடுதல் கவனம் தேவை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்துவார்கள், அதுவும் இரண்டு இடங்களிலும் ஒரே நாளில் அல்ல. குளிர்காலத்தில் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும் நியூயார்க், கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருக்கும்.

உச்சரிப்பு: எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது

அமெரிக்கரைப்போலப் பேச முயலாதீர்கள். தமிழ் வாடை வீசும் ஆங்கிலத்தில் எந்தக் குறையும் இல்லை. உலகெங்கும் அப்படித்தான் அவரவர் வாடையோடு பேசுகிறார்கள். புரிவதைத் தடுக்கும் சில இடங்களை மட்டும் சரிசெய்தால் போதும்.

முதன்மையானது அழுத்தம். தமிழில் அசைகளை ஏறக்குறையச் சமமாக ஒலிக்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓர் அசை ஓங்கி நிற்கும், மற்றவை அடங்கும். 'டெவலப்' என்பதில் நடு அசை, 'ஹோட்டல்' என்பதில் இரண்டாவது அசை. ஓங்க வேண்டியது அடங்கினால் மற்ற ஒலிகள் எல்லாம் சரியாக இருந்தும் கேட்பவர் தடுமாறுவார். உங்கள் வேலையில் அடிக்கடி வரும் சொற்களைப் பட்டியலிட்டு, அகராதி இணையதளங்களில் ஒலியைக் கேட்டு, ஓங்கும் அசையின் கீழே கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லின் முதலில் எகரம் வந்தால் நாம் அறியாமல் யகரம் சேர்க்கிறோம், ஒகரம் வந்தால் வகரம் சேர்க்கிறோம். 'எண்ட்' என்பது 'யெண்ட்' ஆகிறது, 'ஓவர்' என்பது 'வோவர்' ஆகிறது. ஆங்கில எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்லும்போது இது பெரிய தொல்லை. கடைசி மெய்யோடு உகரம் ஒட்டுவதும் அப்படித்தான்: 'பஸ்ஸு', 'ஆபீஸு'. தொலைபேசியில் 13, 30 இரண்டும் ஒன்றுபோல் கேட்கும். எண்ணைச் சொன்னதும் இலக்கங்களையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்: "தர்ட்டீன், ஒன் த்ரீ".

நம் பெயர்களை எழுத்துக்கூட்டிச் சொல்ல, ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஒரு சொல்லாக ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று போகும் வரிசையைக் கற்றுக்கொள்ளுங்கள். விமானப் போக்குவரத்துக்காக 1956இல் நடைமுறைக்கு வந்தது; இருபத்தாறே சொற்கள்தான். பி, டி, வி மூன்றும் குழம்பும் மோசமான இணைப்பில் இது கைகொடுக்கும்.

கூட்டத்தில் பேசுவது

தினசரி நிலவரக் கூட்டத்தில் பெரும்பாலும் மூன்று கேள்விகள்: நேற்று என்ன முடித்தாய், இன்று என்ன செய்கிறாய், தடை ஏதாவது இருக்கிறதா? கூட்டத்துக்கு முன்பே மூன்று வாக்கியங்களை எழுதி, வாய்விட்டு இரண்டு முறை படித்துவிட்டுப் போங்கள். "ஐ ஃபினிஷ்ட்", "ஐ ஆம் வொர்க்கிங் ஆன்", "ஐ நீட்" என்று ஒவ்வொன்றும் தொடங்கட்டும். பார்த்துப் படிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இலக்கணத்தில் இப்போதைக்கு இரண்டைக் கவனித்தால் போதும்: நேற்று என்று சொன்னால் 'ஹேவ்' வராது, 'ஐ ஃபினிஷ்ட் இட் யெஸ்டர்டே' என்பதே சரி, இரண்டு ஆண்டுகளாக வேலை செய்வதைச் சொல்ல 'சின்ஸ் டூ இயர்ஸ்' வராது, "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்".

புரியவில்லை என்றால் புரிந்ததுபோல் இருந்துவிடாதீர்கள். 'சாரி?' என்று திரும்பத் திரும்பக் கேட்பதைவிட, புரிந்த அளவை நீங்களே சொல்லிச் சரிபார்ப்பது நல்லது: "ஸோ யூ நீட் த ரிப்போர்ட் பை தர்ஸ்டே. இஸ் தட் ரைட்?" தவறாக இருந்தால் அவரே திருத்துவார். விவரம் கையில் இல்லாவிட்டால் மழுப்பாமல், "ஐ டோன்ட் ஹேவ் தட் நம்பர் நௌ. ஐ வில் செண்ட் இட் பை ஃபோர்" என்று சொல்லி, நான்கு மணிக்குள் அனுப்பிவிடுங்கள்.

முடியாது என்று சொல்வதுதான் நமக்கு எல்லாவற்றிலும் கடினம். பெரியவர்கள் கேட்டால் மறுக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அதனால் "ஐ வில் ட்ரை" என்கிறோம். நம் வீட்டில் அதற்குப் பெரும்பாலும் முடியாது என்று பொருள். வாடிக்கையாளருக்கு அது ஏறத்தாழ உறுதிமொழி. வெள்ளிக்கிழமை வந்து வேலை முடியாமல் இருக்கும்போது நீங்கள் பொய் சொன்னதாகவே அவர் கருதுவார். முடியாததையும் முடிவதையும் அடுத்தடுத்து வையுங்கள்: "ஐ கேனாட் ஃபினிஷ் ஆல் ஆஃப் திஸ் பை ஃப்ரைடே. ஐ கேன் கிவ் யூ த ஃபர்ஸ்ட் பார்ட் பை ஃப்ரைடே அண்ட் த ரெஸ்ட் பை டியூஸ்டே." இப்படிப் பேசுபவரை மேலாளர்கள் நம்பத் தொடங்குவார்கள்.

பயிற்சியும் தேர்வும்

நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அன்று அனுப்பிய கடிதம் ஒன்றைப் பாதி நீளத்தில் திருப்பி எழுதுங்கள். மறுநாள் சொல்ல வேண்டிய மூன்று வாக்கியங்களைக் கைப்பேசியில் பதிவுசெய்து கேளுங்கள். கேட்கும் பயிற்சிக்கு பிபிசியின் ஆங்கிலம் கற்பிக்கும் இணையதளம் இலவசமாகவே இருக்கிறது. நம்பிக்கையான மூத்தவர் ஒருவரிடம் உங்கள் எழுத்தைக் காட்டுங்கள். எல்லாப் பிழைகளையும் ஒரே நாளில் திருத்தச் சொல்லாமல், இந்த மாதம் இந்த ஒரு வகைப் பிழையை மட்டும் பாருங்கள் என்று கேளுங்கள். திருத்தித் தரும் செயலிகள் பயன்படும், ஆனால் வாடிக்கையாளரின் பெயரோ கணக்கு விவரமோ அவற்றுக்குள் போகக் கூடாது. நிறுவனம் அனுமதித்திருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை தேடுபவர் என்றால் சான்றிதழுக்கு ஓரளவு பயன் உண்டு. கேம்பிரிட்ஜ் நடத்தும் வணிக ஆங்கிலத் தேர்வுகள் பி1, பி2, சி1 என மூன்று நிலைகளில் இருக்கின்றன. ஏற்கெனவே வேலையில் இருப்பவர் அந்தக் கட்டணத்தைச் சேமித்துக்கொள்ளலாம். உங்கள் தேர்வு ஒவ்வொரு நாளும் அலுவலகத்திலேயே நடக்கிறது.

ஓரளவு கைவந்ததும், கூட்டக் குறிப்பு எழுதும் வேலையை நீங்களாகக் கேட்டு வாங்குங்கள். பலரும் தட்டிக்கழிக்கும் வேலை என்பதால் எளிதில் கிடைக்கும். அதற்காகவே கூர்ந்து கேட்பீர்கள். புரியாததைக் கேட்க உங்களுக்கு உரிமையும் இருக்கும். உங்கள் பெயர் எல்லோருடைய பெட்டியிலும் வந்து நிற்கும். யார் என்ன பேசினார் என்ற கதை வேண்டாம். என்ன முடிவானது, யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்ற மூன்று மட்டும். முதல் சில முறை குழுவில் ஒருவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். கூட்டம் முடிந்த அன்றே அனுப்பிவிடுங்கள்.